மூணாவது எழுத்து

வெள்ளிமலையில் பஸ் திரும்புகிற இடத்தில் அந்த ஜீப் வந்து நின்றபோது மதியம் இரண்டு மணி இருக்கும். சடையன் கடுக்காய் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான்.

"இங்க சடையன்னு யாருய்யா?"

மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டான். ஆளைப் பார்க்கவில்லை. குரலே போதும். பதினேழு வருஷமாகத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற குரல்.

டைரக்டர் ராஜாங்கம். எழுபத்தொன்பதில் இந்த மலைக்கு வந்து ஒரு படம் எடுத்தார். நூறு நாள் ஓடியது. அதற்கப்புறம் ஏழு படம் எடுத்தார், எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை. பேப்பர்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒத்தப் படத்து ராஜாங்கம்'. மலையில் அந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. 'அமிர்தம் தொங்குன படம்' என்றுதான் சொல்வார்கள்.

அமிர்தம் சடையனின் பெண்டாட்டி.

கதாநாயகி தூக்கில் தொங்குகிற காட்சி. அவள் கழுத்தில் கயிறு படக்கூடாது என்று, அதே உயரம், அதே கூந்தல் என்று அமிர்தத்தைப் பிடித்தார்கள். பலாமரக் கிளை மேல் கயிறு. அக்குளுக்குக் கீழே துணி சுற்றி அதில்தான் பாரம். கழுத்தில் சுருக்கு சும்மா பேருக்கு. கயிறு பிடிக்கிற ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். பாறைக்குப் பின்னால் சடையனை நிறுத்தினார்கள். அங்கிருந்து மரமும் தெரியாது, பெண்டாட்டியும் தெரியாது.

"இழுன்னா இழு, வுடுன்னா வுடு." சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

இழு என்றார்கள், இழுத்தான். கொஞ்ச நேரத்தில் ராஜாங்கத்தின் கத்தல்.

"கட்!"

சடையனுக்குக் காதில் விழுந்தது 'கட்டு'. விறகுக்காரன். பக்கத்து வேரில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினான். மறுபடி கத்தல். இன்னும் இறுக்கினான். மறுபடி. கால் கொடுத்து உதைத்து இறுக்கினான்.

துணி நழுவிப் பாரமெல்லாம் சுருக்குக்குப் போயிருந்தது அவனுக்குத் தெரியாது.

அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்தார்கள். கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்கள்: "இன்னாமா நடிச்சிருக்கா!"

அறிவொளி வகுப்பு மலைக்கு வந்தபோது சடையனுக்கு நாற்பத்தைந்து வயசு. போனான். அவனுக்குத் தெரியவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாத்தியாரம்மா எழுதிக் காட்டினாள். கட், இரண்டு எழுத்து, நிறுத்து என்று அர்த்தம். கட்டு, மூணு எழுத்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுண்ணாம்புச் சுவரில் கரியால் 'கட்' என்று பெரிசாக எழுதி வைத்தான். தினம் அதைப் பார்த்துக்கொண்டுதான் கஞ்சி குடிப்பான். அந்த ஆள் சொன்னது இரண்டா, மூணா? இரண்டு என்றால் கொன்றது தான்தான். மூணு என்றால்?

"நீதானா?" ராஜாங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "அதே மரம், அதே கவுறு புடிச்ச ஆளு. சென்டிமென்ட்டுய்யா. இந்தப் படம் ஓடுலன்னா என்னை எவனும் உள்ள வுட மாட்டான். ஏறு."

சடையன் மூட்டையை இறக்கினான். ஏறினான்.

அந்தப் பலாமரத்துக்குப் பக்கத்தில் பழைய தோட்டத்துப் பங்களா ஓடு சரிந்து கிடந்தது. உள்ளே வௌவால் நாற்றம். அதோடு இன்னொரு வாசனையும். அமிர்தம் தலைக்கு வைக்கிற புங்க எண்ணெய். சடையன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

கேமராக்கார மாயவன் மரத்துக்கு இருபது அடி தள்ளிக் கேமரா முக்காலியை நாட்டிக்கொண்டிருந்தான். பனிமூட்டமாக மஞ்சு இறங்கி வந்தது. மூன்று மணிக்கே விடியற்காலை மாதிரி ஆகிவிட்டது. ஒரு குருவிச் சத்தம் இல்லை.

சடையன் அதே பாறைக்குப் பின்னால் போய் நின்றான். ராஜாங்கம் பாட்டிலோடு அங்கே வந்தார். பதினேழு வருஷம் விழுங்கி வைத்திருந்ததைச் சடையன் துப்பிவிட்டான்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க சொன்னது ரெண்டெழுத்துக் கட்டா, மூணெழுத்துக் கட்டா?"

ராஜாங்கம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எழுத்துப் படிச்சிட்டியா நீ?"

"ஆமாங்க."

"மொதல்ல சொன்னது கட். நீ கட்டிப்புட்ட. அவ காலை ஒதறுனா. நான் லென்ஸ் வழியா பாத்துக்கினு இருந்தேன்." ஒரு மடக்குக் குடித்தார். "அந்த மூஞ்சி! எந்த நடிகையும் குடுக்க மாட்டா, எத்தினி டேக்கு எடுத்தாலும். அப்புறம் சொன்னதெல்லாம் கட்டுதான். நீயும் நல்லா கட்டுன."

சடையன் ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

"எவன்கிட்ட சொல்லுவ? சொன்னா மொதல்ல உள்ள போறது நீதான். கவுறப் புடி. தொங்கப்போற பொண்ணு நாளைக்குத்தான் வருது. ஒயரம் பாக்க நானே நிக்கிறேன்."

மரத்தடிக்கல்லில் ஏறினார். அக்குளில் துணியைச் சுற்றிக்கொண்டார். சுருக்கை விளையாட்டாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

சடையன் கயிற்றைப் பார்த்தான். கீழே போட்டுவிட்டான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கயிறு தரையில் விழவில்லை.

அந்தரத்தில் விறைத்து நின்றது.

புங்க எண்ணெய் வாசனை மூக்கை அடைத்தது. கயிறு மெள்ள மெள்ளப் பின்னால் போனது. அந்தப் பக்கம் கல்லைவிட்டுக் கால் எழும்புகிற சத்தம் கேட்டது.

"யோவ், யாருய்யா இழுக்கச் சொன்னது? வுடு!"

துணி கிழிகிற சத்தம்.

"கட்!"

கயிறு வேரில் ஒரு சுற்று சுற்றியது.

"கட்... மாயவா... கட்!"

இன்னொரு சுற்று.

மஞ்சுக்குள்ளிருந்து மாயவன் குரல் குஷியாக வந்தது. "சூப்பர் சார்! அவன் கட்டட்டும், அப்பிடியே இருங்க, கேமராவ ஓட்டிக்கினு இருக்கேன்!"

சடையன் ஓடிப்போய் வேரைப் பிடித்தான். கயிற்று முனை அவன் கண் முன்னாலேயே மடிந்து நுழைந்து முடிச்சாகிக்கொண்டிருந்தது. பார்த்ததும் விரல் செத்துப்போனது. இடது பக்கமாகச் சுற்றின முடிச்சு. அமிர்தம் இடக்கைக்காரி. விறகுக்கு அவள் போடுகிற முடிச்சை அவளைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. "பீச்சாங்கை முடிச்சு" என்று அவன் கேலி பண்ணுவான். "அப்ப நீயே தூக்கு" என்று விறகுச்சுமையை அவன் தலையில் வைப்பாள்.

இடுப்பில் அருவாள் இருந்தது. ஒரே வெட்டு போதும்.

காதோரம் சில்லென்று மூச்சு.

"இன்னா மாமா, கேக்குதா? கட்டு கட்டுன்றாருல்ல."

சடையன் அருவாளை எடுக்கவில்லை.

அடுத்த 'கட்' பாதியில் நின்றுபோனது. பிறகு செருப்பு ஒன்று கல்லில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"கட் சொல்லுங்க சார்," மாயவன் சிரித்தான். "பிலிமு தீந்துடும்."

மஞ்சு விலகினதும்தான் அவன் அலறினான்.

போலீஸ் சடையன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கயிறு அறுத்த தடம் ஒன்றும் இல்லை. முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாமல் வேரோடு வெட்டி எடுத்துப் போனார்கள். போன தடவை எழுதின மாதிரியே, ஷூட்டிங்கில் ஏற்பட்ட விபத்து என்று எழுதினார்கள். இந்தத் தடவை சடையனால் அதைப் படிக்க முடிந்தது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. மூணு எழுத்து. அந்த ஆள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. முதலில் சொன்னது இரண்டு என்பதையும், இடுப்பிலிருந்த அருவாளையும் அவன் நினைக்கவில்லை.

கதவைத் தள்ளினான். புங்க எண்ணெய் வாசனை.

சிம்னி விளக்கை ஏற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பினான். கரியால் அவன் எழுதின 'கட்' அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு 'டு'. எழுத்தே தெரியாத கை, கோணல்மாணலாக. இடது பக்கம் சாய்ந்து.

கரி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

அவன் மெள்ளத் தலையைத் தூக்கினான். விட்டத்தில் அவனுடைய விறகுக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சுருக்கு முடிச்சு போட்டாகிவிட்டது.