ஆளில்லாமல் வந்த வண்டி

முதலில் சத்தம்தான் வந்தது. ஈர மண்ணில் டயர் உருளும் சத்தம்... சர்ர்ரென்று.

காட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இஷ்பெல் நிமிர்ந்து பார்த்தாள். வரிசை வரிசையாய் நின்ற ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களுக்கு நடுவே செங்குத்தாய், நூல் பிடித்தது போல நேராய் இறங்கும் சைக்கிள் தடம். பாதிக்கு மேலே எல்லாம் மேகம். அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அவசரம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. ஹேண்டில்பார் தானாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டது.

மேலே ஆள் இல்லை.

ஆமாம்... ஆளே இல்லை! அவள் காலடிக்கு வந்ததும் வேகம் தீர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் படுத்துக்கொண்டது. பின்சக்கரம் மட்டும் டிக் டிக் டிக் என்று சுற்றியது. சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

முன்சக்கரம் பெரியது, இருபத்தொன்பது அங்குலம். பின்சக்கரம் சின்னது, இருபத்தாறு. கைப்பிடியில் நீல டேப். அந்த டேப்பைச் சுற்றியது அவள் கைதான்.

"ஆங்கஸ்...?" என்றாள்.

பதில் சொல்ல ஆங்கஸ் எங்கே இருக்கிறான்? அவள் தம்பி இதே தடத்தில் செத்துச் சரியாக ஒரு வருஷம் ஆகிறது. அந்த வண்டியை ட்வீட் ஆற்றில் வீசிவிட்டேன் என்று அம்மா தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். ஆற்றுக்குள் போன வண்டி நீர் சொட்டச் சொட்ட மலைமேலிருந்து இறங்கி வருமா?

அப்போதெல்லாம் எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு பேர் சந்தித்தால் மழையைப் பற்றிப் பேச மாட்டார்கள், சக்கர அளவைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். இருபத்தாறுக்குக் கடைசிக் காலம். பெரிய சக்கரம் வேரையும் கல்லையும் உருட்டித் தள்ளிவிட்டுப் போகும் என்று ஒரு கட்சி. சின்னதுதான் சொன்னபடி வளையும் என்று இன்னொரு கட்சி. ஆங்கஸ் இரண்டிலும் சேராத தனிக் கட்சி. "அக்கா, முன்னால பெருசு, பின்னால சின்னது... போட்டுத் தா!" என்று உயிரை வாங்கினான். பழைய சட்டத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நீளமானதாய்ப் போட்டுப் பெரிய சக்கரத்தை மாட்டிக் கொடுத்தவள் இஷ்பெல். ஊரிலேயே நல்ல கை அவளுக்கு.

அப்படிப் போட்டால் வண்டியின் முகம் தூக்கும், ஃபோர்க் பின்னால் சாயும், சக்கரம் காலை நீட்டிக்கொண்டு முன்னால் போய்விடும். நேர்வழியில் பாறை மாதிரி நிற்கும். ஆனால் மெதுவாய்ப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாய்த் தொப்பென்று மடியப் பார்க்கும். அதைத் தம்பியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். மறுநாளே புயல் காற்றில் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனான்... அவ்வளவுதான்.

"நீ மாட்டின சக்கரம்தான்டி என் பிள்ளையத் தின்னுடுச்சு." ஒரே ஒரு முறைதான் அம்மா சொன்னாள். ஒரு முறை போதாதா? அன்றைக்கே, கேட்டைத் தாண்டி மலையேற மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள், வேறு எந்த வண்டியிலும்கூட ஏறவில்லை. குடும்பச் சைக்கிள் கடையில் அடுத்தவர் வண்டிக்குச் சக்கரக் கோட்டம் எடுப்பாள், செயின் மாட்டுவாள், பிரேக் பார்ப்பாள். ஏற மட்டும் மாட்டாள்.

மேகத்துக்குள் கிளை முறிந்தது. காலடிச் சத்தம். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து... இறங்கி வருகிறது.

இஷ்பெல் கேட்டோடு ஒட்டிக்கொண்டாள்.

"என் வண்டியப் பாத்தீங்களா?"

தலைமுதல் கால்வரை சேறு. முழங்கால் கிழிந்து ரத்தம். அம்மா பின்னிக் கொடுத்தது என்று எழுதி ஒட்டாத குறையாக ஒரு கம்பளிச் சட்டை. அந்தச் சேற்றுக்கு நடுவே இரண்டு கண்கள்... மழைக்கு முந்தின கடல் நிறத்தில், சிரிக்கத் தயாராக. உயிருள்ள ஆளின் கண்கள். அப்பாடா என்றிருந்தது இஷ்பெலுக்கு. அப்பாடா என்றதும் கோபம் வந்தது, அதுதான் அவள் குணம்.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? வண்டிய மட்டும் தனியா அனுப்புறீங்க?"

"நான் எங்க அனுப்புனேன்? அதுவாக் கிளம்பி வந்துடுச்சு. வண்டிக்கு என்னை விட அவசரம்." குனிந்து அதைத் தடவிப் பார்த்தான். "பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல! எனக்குத்தான் எலும்பு எத்தனை மிச்சம்னு எண்ணணும். ஏங்க... உங்களுக்கு ஏன் முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"இந்த வண்டி உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"காலஷீல்ஸ் ஊர்ல, பழைய சாமானத் தானமா வாங்கி விக்கிற ஒரு தர்மக் கடையில. சக்கரம் ரெண்டும் ஜோடி இல்லைன்னு யாருமே வாங்கல. எனக்குப் பாவமா இருந்துச்சு."

தர்மக் கடையா! அப்படியென்றால் ஆறு...? இஷ்பெல் உதட்டைக் கடித்தாள். "அது என் தம்பியோடது. மேல இந்தத் தடத்துலதான் செத்தான், இந்த வண்டியில. குடுத்துடுங்க. உடைச்சுப் போடணும்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. மரங்களுக்கு மேலே காற்று பலமாய் இரைந்தது.

"மன்னிச்சுக்கோங்க, எனக்குத் தெரியாது. ஆனா... உடைக்கக் குடுக்க மாட்டேன். தப்பு வண்டி மேல இல்லைங்க. இது கெட்டியா நின்னுச்சு, நான்தான் விழுந்தேன். தரை மூச்சு விட்டுச்சு இல்ல, அப்ப."

"என்னது?"

"தரைதாங்க. மூச்சு இழுத்துத் தூக்குச்சு, தூக்கிப் போட்டுடுச்சு. வழக்கமா எண்ணிப் பாத்துத் தாண்டிடுவேன். இன்னிக்குக் கணக்குத் தப்பிடுச்சு."

எத்தனை சாதாரணமாகச் சொல்கிறான்! இஷ்பெலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "எங்க வீட்டுச் சாவு உங்களுக்கு எகத்தாளமா? பேய்க்கதை சொல்ல வேற ஆளப் பாருங்க!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னாலிருந்து, "என் பேரு எர்லண்ட்! கம்பளி மில்லுல வேலை! மாசக் கடைசியில கப்பலேறிடுவேன், அதுக்குள்ள கோபம் தீந்தா சொல்லி அனுப்புங்க!" என்று குரல் வந்தது. திமிர் பிடித்தவன். அந்தக் கண்ணும் அவனும்!

ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் எங்கே வந்தது? ஆள் இல்லாத வண்டி, நேராய், நிதானமாய் இறங்கிக்கொண்டே இருந்தது. கோணலாய் மடியும் என்று அவள் பயந்த அதே ஹேண்டில் தானே தன்னைத் திருத்திக்கொண்டு வந்ததே... எப்படி?

புதன்கிழமை புயல். ஊர் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. சைக்கிள் கடைக் கதவு தள்ளித் திறந்தது, மழையோடு எர்லண்ட் உள்ளே வந்தான். தோளில் அந்த வண்டி.

கல்லாவில் உட்கார்ந்திருந்த இஷ்பெலின் அம்மா ஆக்னெஸ் வண்டியைப் பார்த்தாள். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"முன்சக்கரம் கோட்டம். எடுத்துத் தருவீங்களா?" என்றான் எர்லண்ட், இஷ்பெலைப் பார்க்காமல்.

அவள் பேசாமல் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாள். ரிம் ஒரு முடி அளவுகூட ஆடவில்லை. "கோட்டமே இல்லையே?"

"தெரியும்... வேற என்ன சொல்லிக்கிட்டு உங்க கடைக்குள்ள வர்றதாம்?"

கன்னம் சுட்டது அவளுக்கு. அம்மா இருக்கிறாள் என்பதே ஒரு நொடி மறந்துவிட்டது. பிறகு நினைவு வந்தது. "அம்மா, ஆத்துல போட்டதா சொன்னியே?"

"பாலம் வரைக்கும் கொண்டு போனேன்." ஆக்னெஸ் வண்டியையே பார்த்தாள். "அவன் கை பட்ட சாமான்டி. தூக்கி எறிய முடியல. வீட்டுலயும் வச்சுக்க முடியல. தர்மக் கடையில விட்டுட்டு வந்துட்டேன். நான் என்ன பண்ணுவேன்?"

எர்லண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். "அம்மா, நான் ஷெட்லாந்துக்காரன். எங்க தீவுல மரமே கிடையாது, தந்திக் கம்பம்தான் மரம். இங்க வந்து காட்டப் பாத்து நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். காத்தடிச்சா மரத்தடித் தரை ஏறி ஏறி இறங்குது... மார்பு மாதிரி. எல்லாக் காட்டுலயும் அப்படித்தான் போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். நேத்து மில்லுல சும்மா பேச்சுக்குச் சொன்னேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஒருத்தருமே அதப் பாத்ததில்லையாம்."

எப்படிப் பார்ப்பார்கள்? இந்த மாதிரிக் காற்றில் உள்ளூர்க்காரன் எவனும் காட்டுப் பக்கம் தலைவைக்க மாட்டான். ஷெட்லாந்துக்காரனுக்கு இதெல்லாம் தென்றல்! அப்படிப் போன ஒரே கிறுக்கன் ஆங்கஸ்தான், புது ஃபோர்க்கைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில். போலீஸ் வந்து தடத்தைப் பார்த்தது காற்று அடங்கின மறுநாள். தரை அப்போது தரையாகத்தான் கிடந்தது.

"எந்த இடம்?" என்றாள் இஷ்பெல்.

"தடத்துல பாதி ஏறினதும், இடது கைப் பக்கம். ரெட்டையாப் பிளந்த ஸ்ப்ரூஸ்."

ஆங்கஸ் விழுந்து கிடந்த அதே இடம்.

இஷ்பெல் அம்மாவைப் பார்த்தாள். சத்தியம் நடுவில் நின்றது. ஆக்னெஸ் எழுந்தாள், மழைக்கோட்டை மாட்டினாள், கடைக் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பிப் போட்டாள்.

"அந்த எடத்தக் காட்டு, தம்பி. நானும் வர்றேன்."

கேட்டு வந்ததும் இஷ்பெல் நின்றுவிட்டாள். எர்லண்ட் ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்ற கை... ஆனாலும் விட மனம் வரவில்லை.

உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. பகல் இரண்டு மணிக்கே அந்தி போல. மரங்களின் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை, மேகத்துக்குள் எங்கோ முனகிக்கொண்டிருந்தது. பறவைச் சத்தம் இல்லை. காலடியில் ஊசியிலை மெத்தை, நடந்தால் சத்தமே வராது. மூன்று பேரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள், ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை.

"இங்க நில்லுங்க. காத்து வர்ற பக்கம். மரம் சாஞ்சாலும் அந்தப் பக்கம்தான் சாயும்," என்றான் எர்லண்ட்.

ரெட்டை ஸ்ப்ரூஸ் சும்மா நின்றது. தடத்தின் குறுக்கே பச்சைப் பாசி, நடுவில் டயர் ஓடிய கோடு. அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லையே..." என்றாள் இஷ்பெல்.

"இருங்க."

தூரத்தில் காற்று கிளம்பும் இரைச்சல். மலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மரமாய்க் கும்பிட வைத்துக்கொண்டு வந்தது. ரெட்டை மரம் முறுகியது...

தரை எழுந்தது.

பாசியும் மண்ணும் கல்லும் சேர்ந்து, மெதுவாக, தூங்குகிறவன் நெஞ்சு போல எழும்பியது. முழங்கால் உயரம். அடியில் கருப்பாய் ஒரு வாய் திறந்தது. உள்ளே, சாயப் பார்க்கும் மரத்தின் வேர்கள் நரம்பு நரம்பாய் இழுபட்டன. அதற்குள்ளிருந்து குளிர்ந்த, புளித்த மண்வாடை அவர்கள் முகத்தில் ஊதியது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு... ஹூம்ம்ம் என்று இறங்கியது. பாசி மூடிக்கொண்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி டயர்க் கோடு பழையபடி கிடந்தது.

இஷ்பெல் எர்லண்டின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். கம்பளிக்குள் அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது கையில் தெரிந்தது.

அடுத்த காற்று. தரை மறுபடி மூச்சு இழுத்தது. அந்த நேரத்தில் அதன்மேல் ஒரு சக்கரம் வந்தால்... யார் மாட்டிய சக்கரமானால்தான் என்ன? எந்த அளவானால்தான் என்ன?

"வண்டி இல்லடி..." ஆக்னெஸ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வண்டியும் இல்ல, நீயும் இல்ல. நான் பாவி, ஒரு வருஷமா உன் முகத்தைப் பாத்து ஒரு வாய் சாப்பிடல. உன்னையும் சேத்தில்ல சாவடிச்சேன்..."

இஷ்பெல் மண்டியிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். எர்லண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, மழையைப் பழி சொன்னான்.

ஆக்னெஸ்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கே காட்டிலாகா ஆளுங்களக் கூப்பிட்டு இந்த மரத்தச் சாய்க்கச் சொல்லணும். இன்னொரு வீட்டுப் பிள்ளை வேணாம்." பிறகு வண்டியைக் காட்டினாள். "ஏறு."

"அம்மா?"

"மரத்தத் தாண்டி, கீழ தள்ளி நின்னு ஏறு. கேட்டு வரைக்கும் ஓட்டு. நான் பாக்கணும்."

எர்லண்ட் வண்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். நீல டேப்பின்மேல் அவள் விரல்கள் உட்கார்ந்தன. மேலே மேகம், கீழே மேகம், நடுவில் ஒரே ஒரு நேர்க்கோடு. "மடிஞ்சுடுமோ?" என்றாள்.

"ஆளே இல்லாம நேரா வந்த வண்டிங்க. நீங்க சும்மா உக்காந்தா போதும்."

பிரேக்கை விட்டாள்.

பெரிய முன்சக்கரம் வேரைத் தாண்டியது, கல்லைத் தாண்டியது, எதையும் அவளிடம் புகார் சொல்லவில்லை. ஹேண்டில் கைக்குள் லேசாய் இப்படி, அப்படி... யாரோ பக்கத்தில் ஓடி வந்து பிடித்துவிடுவது போல. "நல்லாத்தான் போட்டிருக்க அக்கா," என்று காதோரம் கேட்டது. காற்றாக இருக்கும். இஷ்பெல் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. மேலே மேகத்துக்குள் கிளை முறிந்தது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து... இந்த முறை அவள் கேட்டோடு ஒட்டிக்கொள்ளவில்லை. கண்ணை எடுக்காமல் காத்து நின்றாள்.

மூச்சிரைக்க வந்து நின்றான் எர்லண்ட். மழை அவன் இமையில் துளித் துளியாய்க் கோத்திருந்தது. "அம்மா மெதுவா வர்றாங்க... நம்மள முன்னால போகச் சொன்னாங்க." மூச்சு வாங்கினான். கண் சிரித்தது. "என் வண்டியப் பாத்தீங்களா?"

"வண்டி என்னோடது."

"அப்ப நான் எதுல கப்பலுக்குப் போறது?"

"போகணுமா?"

அவன் சிரிப்பு நின்றுபோனது. மேலே காடு ஒருமுறை நீளமாய் மூச்சு விட்டது. "எனக்கு இந்தக் காடு பயமா இருக்குங்க. மரம் இல்லாத ஊருக்கே ஓடிடலாம்னுதான் சீட்டு எடுத்தேன். ஆனா... நீங்க இருக்கறது காட்டோரமாச்சே. பயந்துக்கிட்டே இங்கயே இருந்துடவா?"

இஷ்பெல் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, அவன் கன்னத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"வண்டி யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். "ஆளு யாரோடது? அதச் சொல்லு."

'சொல்லுங்க' இல்லை... 'சொல்லு'. அவனுக்கு அது போதுமாயிருந்தது.

"உன்னோடது," என்றான்.