இதமொலி பூட்டிக்கொண்டபோது

காங்கயம் தாண்டியதும் பூங்கோதை வழக்கம்போலக் கணவனைத் திட்டத் தொடங்கினாள்.

"இப்பிடி மாட்டுவண்டியாட்டம் ஓட்டுனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும்."

டேஷ்போர்டில் ரேடியோவின் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. கார்வேந்தனின் உதடுகள் அசைந்தன. அவளுடைய செவிமூடிக்குள் அவன் குரல் இறங்கியது: "நீ சொல்வது சரிதான், கோதை. கொஞ்சம் வேகமாகவே போகிறேன்."

வேகம் கூடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருடமாக இதே பதில்தான். கோபம் கிடையாது, குத்தல் கிடையாது, எதற்கும் ஒரு ஆமாம். உப்புப் போடாத கஞ்சி. பல்லைக் கடித்து ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் வெறுக்கவாவது வெறுக்கலாம். இவனை வெறுப்பதுகூட வீண் உழைப்பு என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

சட்டத்தில் அந்தக் கருவிக்கு இதமொலி என்று பெயர். மக்கள் வாயில் அது இன்னும் ரேடியோதான். கார்களுக்குள் நடக்கும் சண்டைகளால் விபத்துகள் பெருகிய காலத்தில் முதலில் கார்களுக்குத்தான் வந்தது. ஒருவர் சொல்வதை வாங்கி, அவர் குரலிலேயே, கூர் மழுக்கி அடுத்தவர் காதில் சேர்க்கும். பிறகு வீட்டுக்கும் கடைக்கும் பரவியது. ஆனாலும் குடும்பத்தின் தாய்க்கருவி காரிலேயே தங்கிவிட்டது. செவிமூடி இல்லாமல் யாரும் யாரோடும் பேசுவதில்லை. தான் பேசுவதை ரேடியோ பதப்படுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தன் காதில் விழுவதும் அப்படிப் பதப்படுத்தியதுதான் என்பதை மட்டும் எல்லோரும் மறந்திருந்தார்கள். பூங்கோதையும்தான்.

மூலனூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். திரும்பி வந்து கார்வேந்தன் பொத்தானை அழுத்தினான். கார் முனகக்கூட இல்லை. பேட்டரி செத்திருந்தது. அதே கணத்தில் இருவர் காதிலும் செவிமூடிகள் தாமாகத் திறந்துகொண்டன.

உலகம் உள்ளே கொட்டியது. "எருமை, கிளாஸைக் கழுவறயா, நக்கறயா?" என்று டீ மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிய மனிதர் இனிமையாகத் தலையாட்டி, "உன்ற மூஞ்சிக்கு இதே போதும்" என்றார். மாஸ்டர் பாராட்டு கேட்டவர்போலச் சிரித்தார்.

"பேட்டரிய மாத்துங்க, மாத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்துனனே. காதுல என்ன, புண்ணாக்கா அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள் பூங்கோதை.

கார்வேந்தன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். யாரோ புது ஆள் காரில் ஏறிவிட்டதைப் போன்ற பார்வை.

"நீ கத்துனயா? 'நேரம் கிடைக்கும்போது பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை'ன்னுதான் எனக்கு வந்துது."

அவன் நிஜக் குரல் கரகரவென்று இருந்தது. ரேடியோ அதையும் வழித்துக் கொடுத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து லாரிக்காரர் ஒருவர் பேட்டரிக் கம்பியில் படிந்த துருவைச் சுரண்டி, தன் வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். கார் உயிர்பெற்றது. ரேடியோ மட்டும் பெறவில்லை. மின்சாரம் அற்றுப்போனால் திருட்டுப் பயத்தில் அது தன்னைப் பூட்டிக்கொள்ளும். திரையில் நான்கு காலிக் கட்டங்கள்.

தம்பதியரின் ரேடியோவுக்குப் பூட்டு எண் இரண்டு பாதி. வாங்கும் நாளில் கணவன் இரண்டு எண், மனைவி இரண்டு எண், ஒருவருக்கொருவர் காட்டாமல் இடுவது வழக்கம். கோபத்தில் ஒருவர் மட்டும் அதைத் திறந்து அணைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பூங்கோதை கையால் மறைத்துக்கொண்டு தன் பாதியை அழுத்தினாள். அவன் தன் பாதியை அழுத்தினான். தவறு என்றது திரை. மறுபடியும் அழுத்தினார்கள். மறுபடியும் தவறு. கட்டங்கள் மறைந்து 'காத்திருக்கவும்' என்ற சொல் வந்தது. ஒரு மணி நேரம் காரை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் கம்பெனிக்காரர்கள் வந்து திறக்க வாரக்கணக்காகும்.

ஒட்டன்சத்திரம் குழந்தைகள் இல்லத்தில் நாலு வயது ஆதிரை இவர்களுக்காகக் காத்திருந்தாள். தத்தெடுக்கும் வரிசையில் நின்று நின்று இந்த வருடம்தான் இவர்கள் பெயர் வந்திருக்கிறது. ஏழு வயதுவரை குழந்தையின் காதில் ரேடியோ பதப்படுத்தாத பச்சைப் பேச்சு விழக்கூடாது என்பது இல்லத்தின் விதி. பச்சை விளக்கு எரியாத காரில் அவளை ஏற்றமாட்டார்கள். மாலைக்குள் வாங்காவிட்டால் அடுத்த தம்பதிக்குப் போய்விடுவாள்.

"ரெண்டே ரெண்டு நம்பர். அதையும் மறந்தாச்சு," என்றாள். "மில்லுல எண்ணெய் டின் எண்ணறதுக்கு உங்கள எப்பிடித்தான் வெச்சிருக்காங்களோ."

"நான் மறக்கல."

"அப்ப நான் மறந்தனா?"

"நீ எதையும் மறக்கறவ இல்ல. பாட்டுல சுதியத் தவிர."

பள்ளியில் பாட்டு டீச்சர் அவள். ஒவ்வொரு மாலையும் பாடி முடித்துவிட்டு எப்படி இருந்தது என்று அவனைக் கேட்பாள். மனம் நிறைந்தது என்பான்.

"என்ற பாட்டுக்கு என்ன?"

"நீ பாட ஆரம்பிச்சா எங்க மில்லுச் செக்கே நின்னுரும். கல்யாணம் ஆன நாள்லருந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கறேன்."

"ஓஹோ. உங்க மொதலாளி சிரிச்ச கதைய வாரம் ஒருக்கா சொல்றீங்களே, அவரு எதுக்குச் சிரிச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அந்தாளு உங்க மீசையப் பாத்துத்தான் சிரிச்சிருக்கோணும்."

"நீ விழுந்து விழுந்து ரசிச்சயே."

"எப்ப நிறுத்துவீங்கன்னு கேட்டேன். அது என்னன்னு வந்துச்சோ."

"இன்னொரு தடவை சொல்லுங்கன்னு வந்துச்சு," என்றான் கார்வேந்தன். "நானும் சொல்லித் தொலைச்சேன்."

சிரிக்கக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவமானமாகவும் இருந்தது. இந்த ஆளுக்கு நாக்கு இருக்கிறது. அதில் முள் இருக்கிறது. இத்தனை வருடம் தான் இகழ்ந்துகொண்டிருந்தது இவனையல்ல, டேஷ்போர்டில் இருக்கும் இந்தப் பெட்டியை.

"சரி, நம்பரைச் சொல்லித் தொலைங்க. தப்பு எங்கன்னு பாக்கலாம்."

"தப்பு இல்ல. தெரிஞ்சுதான் மாத்தி அடிச்சேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவள் குரல் எழும்பவே இல்லை. "அந்தக் கொழந்தைய வெச்சு சூதாடுனீங்களா?"

"யாரு வளக்கப்போறான்னே தெரியாம ஒரு புள்ளைய வாங்கிட்டுப் போறமே, அதுதான் சூது." அவன் சாலையைப் பார்த்துப் பேசினான். "பேட்டரி செத்ததும் நீ புண்ணாக்குன்னயே, அப்பத்தான் மொதோ தடவையா உன்ற பேச்சக் கேட்டேன். கொஞ்ச நேரம் பூட்டியே கெடக்கட்டும்னு தோணுச்சு. ரேடியோவும் ரேடியோவும் சேந்து புள்ளை வளக்கறதுக்கு நாம எதுக்கு?"

"இப்பத் தெரிஞ்சுதா யாருன்னு?"

"தெரிஞ்சுது. வாய்க்கொழுப்பெடுத்தவ."

"நீங்க பித்தலாட்டக்காரர்."

"சர்க்கரை டப்பாவோட குடித்தனம் பண்றதா நெனச்சு இத்தனை வருசம் எனக்குச் சலிச்சே போச்சு, கோதை."

அதற்குப்பின் இருவரும் பேசவில்லை. லாரிகள் போயின. வேப்பமர நிழல் காரின் மூக்கிலிருந்து கதவுக்கு நகர்ந்தது. ரேடியோ இருந்தவரை அவர்களுக்குள் இப்படி ஒரு மௌனம் வந்ததே இல்லை. யாராவது சற்று நேரம் சும்மா இருந்தால் அது இருவர் சார்பிலும் நலம் விசாரித்து இடைவெளியை அடைத்துவிடும். இந்த மௌனத்தில் சமாதானம் எதுவும் இல்லை. இகழ்ச்சி அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அதற்கு ஒரு முகம் இருந்தது, அந்த முகம் பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

திரையில் கட்டங்கள் திரும்பி வந்தன.

பூங்கோதையின் விரல் தயங்கியது. இந்த மனிதனைப்பற்றி அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: இவனால் பொய் அழுத்த முடியும். காலையில் தன்னோடு கிளம்பி வந்த அந்த உப்பில்லாக் கஞ்சிக்கு அதற்குக்கூடத் துப்புக் கிடையாது. அவள் தன் பாதியை அழுத்தினாள். இந்தமுறை கையால் மறைக்கவில்லை. அவனும் மறைக்காமல் அழுத்தினான்.

பச்சை விளக்கு எரிந்தது. செவிமூடிகள் மெல்ல மூடிக்கொண்டன. டீ மாஸ்டரின் வசவு அடங்கியது.

கார்வேந்தன் அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. நிச்சயமாக அது ஒரு வசவு, நல்ல வசவாகவே இருந்திருக்கவேண்டும். "பொறுமையாக இருந்ததற்கு நன்றி" என்றது அவள் காதில்.

அவன் என்ன திட்டினான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. அந்த இழப்பு இவ்வளவு உறுத்தும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் முதலில் விளக்கைப் பார்த்தார், பிறகுதான் இவர்கள் முகத்தை. "அருமையான பெற்றோர்" என்று பூங்கோதையின் காதில் விழுந்தது. அந்த இரண்டு சொற்களுக்கு வேண்டிய அளவுகூட அந்த அம்மாளின் உதடுகள் அசையவில்லை. குட்டிச் செவிமூடிகளோடு ஆதிரை பின் இருக்கையில் ஏறி, ஒரு பொம்மை யானையை மடியில் வைத்துக்கொண்டு, ஊரைத் தாண்டுமுன் தூங்கிப்போனாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கார்வேந்தன் வண்டியை நிறுத்தினான்.

"பேட்டரியை நாளைக்கே மாற்றிவிடுகிறேன், கோதை" என்றது அவன் குரல்.

அவள் சட்டென்று திரும்பினாள். அவன் உதடுகள் அவ்வளவு நேரம் அசைந்திருக்கவில்லை. சின்னதாக, ஏதோ ஒன்றுதான் சொல்லியிருந்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியை அவன் வாய் தெரியும்படி திருப்பினாள். அவன் புரிந்துகொண்டு, பாடம் சொல்பவனைப் போல ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து மூடிக் காட்டினான். மாத்தமாட்டேன்.

ரேடியோ இன்னொருமுறை பணிவாக உறுதியளித்தது.

தூங்கும் குழந்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பூங்கோதை அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். நிதானமாக, உதடுகளைக் குவித்தும் விரித்தும் சொன்னாள்: "சோம்பேறி."

அது அவன் காதில் என்னவாகப் போய் விழுந்ததோ. அவன் அதைக் காதில் வாங்கவில்லை; அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.