மாறிப்போன சிறப்புப் பாடம்

"மேடம், எல்.எல்.எம். மேல்படிப்புக்கு நான் கேட்ட சிறப்புப் பாடம் சுற்றுச்சூழல் சட்டம். நேத்து யாரோ என் போன்லயிருந்தே விண்ணப்பத்துல அத கம்பெனி சட்டம்னு மாத்திட்டாங்க. திருத்த இன்னிக்கு சாயங்காலம் வரைக்குந்தான் டைம்."

செங்கல்பட்டில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஜோதிலட்சுமி, எதிரே இருந்த இளம் வழக்கறிஞர் அன்பரசியை நிதானமாகப் பார்த்தாள்.

"திருத்திடலாமேம்மா?" என்றார் உதவியாளர் பாஷ்யம்.

"திருத்துனா மறுபடி மாத்துவாங்க சார். யாருன்னு தெரியணும்."

கடப்பாக்கத்தில் இறால் பண்ணைக் கழிவால் அன்பரசியின் தெருக் கிணறுகள் உப்பாகிவிட்டன. அந்த வழக்கை நடத்தத்தான் இந்தப் படிப்பு.

"போன் எங்க இருந்துச்சு?"

"கோர்ட் பக்கத்துல சீனியர் ரூம்ல, சார்ஜுல. நேத்து காலைல ஒரு வக்கீல் இறந்துட்டாரு. இரங்கல் கூட்டத்துக்குப் போயிட்டோம். சீனியர் பாதியில எழுந்து போனாரு. ரூம் சாவி கதவு நிலைக்கு மேல இருக்கும். அதுவும் என் போன் லாக்கும் சீனியர் பரணிதரன், குமாஸ்தா வரதன், எங்கண்ணன் சாம், மூணு பேருக்கும் தெரியும்."

"சீனியர்தான்! ஜூனியர் படிக்கப் போனால் வேலை யார் பார்ப்பது?" துள்ளினார் பாஷ்யம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தினம் ஒருவரையாவது குற்றவாளியாக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

மதியம் பரணிதரனின் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"மாலை வாங்கப் போனேன்" என்றார் பரணிதரன் எரிச்சலாக.

"நான் கோர்ட் ஆபீசுல தேதி வாங்கிகினு இருந்தேம்மா" என்றார் வரதன்.

சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் சாம் தோளைக் குலுக்கினான். "நேத்து லீவுன்னு தங்கச்சிக்கு சாப்பாடு எடுத்துகினு வந்தேன். ரூம் பூட்டியிருந்துச்சு. கோர்ட்டுல பின்னாடி குந்திகினு வேடிக்க பாத்தேன். ரெண்டு வக்கீலுங்க செம சண்ட. அப்பால டப்பாவ வாசல்ல வச்சிட்டுப் போயிட்டேன்."

"வக்கீல் ஒருத்தர் இறந்தா, அன்னிக்கு இந்தக் கோர்ட்டுல எந்த வக்கீலும் வாதாட மாட்டாங்க. சங்கத்து வழக்கம். கேஸை எல்லாம் தள்ளிவச்சுத் தேதி மட்டும் குடுப்பாங்க" என்றாள் ஜோதிலட்சுமி. "அப்ப அந்தச் சண்டைய யாரு போட்டாங்க தம்பி?"

சாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சீனியரா இருந்தா விண்ணப்பத்தையே ரத்து பண்ணியிருப்பாரு. தங்கச்சி படிக்கணும், ஆனா அத மட்டும் படிக்கக் கூடாதுன்னு நெனச்சவர்தான் பாடத்த மாத்தியிருக்கார்" என்றாள் ஜோதிலட்சுமி.

பாஷ்யம் பரணிதரனைப் பார்த்து அசடு வழிந்தார்.

"பண்ணைக்காரன் ஆளுங்க, கேஸுன்னு போனா வுட மாட்டோம்னு வூட்டாண்ட வந்து மெரட்டிட்டுப் போனாங்க" என்றான் சாம். "அம்மா அழுதுகினே கீது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

அன்பரசிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணன் மேல் பாசம் வேறு போட்டி போட்டது. எதையும் காட்டாமல் போனை எடுத்தாள். சுற்றுச்சூழல் சட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சமர்ப்பித்தாள். போனின் லாக்கையும் மாற்றினாள்.

"வந்தவனுங்க பேரு தெரியுமா?" என்றாள் அண்ணனிடம்.

"தெரியும்."

"கெளம்பு, ஸ்டேஷனுக்குப் போலாம். புகார் நான் எழுதறேன். சாட்சி நீதான்."

சாம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினான்.