சுடுதண்ணீரில் பிறந்த குழப்பம்

செந்தாமரை பாய்ந்து போய்த் தம்பியின் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள். பாதித் தண்ணீர் அவள் பாவாடையிலேயே கொட்டியது.

"இன்னாடி பண்ற? புள்ள தாகத்துல கெடக்கறான்," என்றாள் அம்மா மாதம்மாள்.

"இது காய்ச்சின தண்ணியாம்மா?"

"இல்ல, சுனைத் தண்ணி. இனிமே யாரும் காய்ச்சறதில்லன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு."

தம்பி கருப்பன் வயிற்றுப்போக்கில் சுருண்டு, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் தர வேண்டும் என்று நர்சம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"யாரும்மா காய்ச்ச வேணாம்னது?"

"நீதான். சுடுதண்ணியிலதான் மொத மொதல்ல உசுரு உண்டாச்சுன்னு உங்க சார் சொன்னாருன்னு நேத்து வந்து சொல்லல? காய்ச்சினா பூச்சி பொறக்கும்னா எவ காய்ச்சுவா?"

"எங்க வூட்ல இருந்த வெந்நிய காலையிலயே கீழ ஊத்திட்டேன்," என்றாள் பக்கத்து வீட்டு ஜெயம்மாள், பெருமையாக.

சார் பொய் சொல்ல மாட்டார். நர்சம்மாவும் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் வெந்நீர் கிருமியைக் கொல்லுமா, பெற்றுப் போடுமா?

"நான் சாரைக் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் தம்பிக்குக் கஞ்சி மட்டும் குடும்மா."

"கஞ்சியும் கொதிச்சதுதானேக்கா? அதுல இன்னா பொறக்கும்?" என்றான் கருப்பன்.

மாதம்மாள் கஞ்சிச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

அன்று சனிக்கிழமை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விட்டால் பள்ளிக்கூடத்துச் சக்கரவர்த்தி சார் திங்கட்கிழமைதான் மலைக்குத் திரும்புவார். செந்தாமரை குறுக்குப் பாதையில் ஓடினாள். ஜமுனாமரத்தூரில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் சார்.

"சார், வெந்நீர் நல்லதா, கெட்டதா?"

சார் விழித்தார். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது கடலுக்கு அடியில இருக்கற வெந்நீர் ஊத்தைப் பத்திம்மா. அதையே நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, எழுபத்தேழுலதான் கண்டுபிடிச்சாங்க. பாறைக்குள்ளேருந்து வர்ற சுடுதண்ணியில உப்பு, கந்தகம், வாயு எல்லாம் கலந்திருக்கு. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, மாறி மாறி, முதல் உயிர் வந்திருக்கலாம்னு சிலர் நினைக்கறாங்க. இருக்கலாம், அவ்வளவுதான்."

"எங்க பானையிலயும் தண்ணி கொதிக்குதே சார். பக்கத்துலயே உப்பும் இருக்குதே."

சார் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. செந்தாமரை கூடவே ஓடினாள். இனி ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம். எதைக் கேட்பது?

"சார், அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

சார் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது. செந்தாமரை அவர் சொன்னதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

"இன்னாடி சொன்னாரு உங்க சாரு?"

அவள் நேராக அடுப்படிக்குப் போனாள், பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். பானையில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். ஜெயம்மாள் இரண்டடி பின்வாங்கினாள்.

"வேணாம்டி, எதுனா பொறந்து வச்சிடும்."

"பொறக்கட்டும் அத்தே. ஒரு பானை தண்ணி நம்ம வூட்ல எத்தினி நேரம் இருக்கும்?"

"சாயங்காலத்துக்குள்ள தீந்துடும்."

"இதுல இருக்கற கிருமி சாகறதுக்குப் பத்து நிமிஷம் கொதிச்சாப் போதும்னு நர்சம்மா சொன்னாங்க. புதுசா ஒரு உசுரு உண்டாக எவ்வளவு நேரமாவும்னு சாரைக் கேட்டேன்."

"எவ்வளவாம்?"

செந்தாமரை அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

"கோடிக்கணக்கான வருஷமாம்."