இண்டைக்கு என்ன கறி?

இடுப்பில் இருந்த துப்பாக்கி சூடாக இருந்தது.

சுஜீதன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளாக்டவுனில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம், ஏழடி நீளமும் நாலடி அகலமுமான அறை அது. சுவருக்கு அந்தப் பக்கம் சனம் வரிசையில் நின்று காசு மெசினில் இருபது டொலர் எடுத்துக்கொண்டு போய்ச் சிப்ஸ் வாங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் அதே மெசினின் முதுகோடு முதுகாக ஒருவன் குந்தியிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஜன்னல் கிடையாது, மெசினின் சின்ன விளக்குகளின் மங்கல் வெளிச்சம்தான். குளிர்காற்று மெசினுக்காகப் போடப்பட்டது, மனிதனுக்கு அதில் மிஞ்சியதுதான். அந்தக் குளிரில், தோலுறைக்குள் இருந்த உலோகம் மட்டும் இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமான கேத்தலைப் போல உள்ளங்கையில் இளஞ்சூடாகப் பட்டது.

காதுக்குள் நுளம்பு ஒன்று புகுந்ததுபோல ஒரே இரைச்சல். அறை முழுக்கச் சீனவெடி கொளுத்திய வாசம். இரண்டுக்கும் காரணம் பக்கத்துக் கடைதான் என்று அவன் முடிவு செய்தான். அங்கே உள்வேலை நடக்கிறது. காலையிலிருந்து யாரோ காற்றழுத்த மெசினால் பலகையில் ஆணி அறைந்துகொண்டிருக்கிறார்கள். டப். டப். முதல் சத்தத்துக்கு அவன் ஓரடி துள்ளியதைப் பார்த்து, அவனோடு சோடியாக வேலை செய்யும் மூத்தவர் ருஷ்தி நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, ஆணிக்கே இந்தப் பாய்ச்சல் எண்டால் கள்ளன் வந்தா நீ நேர யாழ்ப்பாணத்திலதான் போய் விழுவாய்."

மெசினின் பணப் பெட்டகத்தில் ஓடிய சிவப்பு எண்களைப் பார்த்தான். இலக்கத்தை அழுத்தினால் பத்து நிமிடம் கழித்துத்தான் பூட்டுத் திறக்கும். கள்ளனுக்குப் பொறுமை கிடையாது என்பது கம்பெனியின் நம்பிக்கை. இப்போதுதான் அழுத்திவிட்டு உட்கார்ந்தது போல இருந்தது. எண்கள் மிச்சம் 5:40 என்று காட்டின.

முதல் நாலு நிமிடத்துச் சொச்சம் எங்கே போனது?

கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தான். மெசின்களுக்குக் காசு நிரப்ப விடிய நாலு மணிக்கு எழும்பும் வேலை.

வேலையை அவன் விரும்பித்தான் எடுத்தான். இரண்டு வருடத்துக்கு முன், 2009இல், ஹரிஸ் பார்க்கில் ரயில் இறங்கி வீட்டுக்கு நடந்தவனை மூன்று பேர் அடித்து லப்டொப்பைப் பறித்தார்கள். தனியே நடக்க வேண்டாம் என்று பொலிஸ் புத்தி சொன்னது. அவன் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேருக்கும் ஐந்து ஷிப்ட். அன்றைக்கே நினைத்துக்கொண்டான், இடுப்பில் ஒரு துவக்கு இருந்தால் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் என்று. ஆனால் இந்த நாட்டில் என் உயிருக்குப் பயம் என்று சொல்லிக் கைத்துப்பாக்கி உரிமம் வாங்க முடியாது. பணத்தின் உயிருக்குப் பயம் என்றால் முடியும். ஆகவே அக்கவுண்டிங் படித்தவன், பணத்துக்குத் துணையாகப் போய், பணத்துக்குக் கொடுத்த துப்பாக்கியின் நிழலில் தானும் கொஞ்சம் ஒதுங்கி நின்றான். உரிமம் கிடைத்து மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்துக்குள் வேறொரு கம்பெனிக்காரனை இதே போன்ற அறை வாசலில் வைத்து மண்டையைப் பிளந்துவிட்டார்கள். 'கதவு திறக்கும் நேரம்தான் சாகும் நேரம்' என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதன்பிறகு சுஜீதன் அறைக்குள் இருக்கும்போது துப்பாக்கியை உறையில் வைப்பதில்லை. மடியில் வைத்துக்கொள்வான்.

இன்றும் மடியில் வைத்துக்கொண்டதாகத்தான் ஞாபகம்.

எப்போது உறையில் போட்டான்?

மெல்ல உருவினான். உருளையைத் திறந்தான். ஆறு ரவைகளின் ஆறு பித்தளைப் பின்புறங்கள். அதில் ஒன்றின் நடுவில் மட்டும் சின்னதாய் ஒரு குழி. நகத்தால் கிளப்பினான். ரவை போன வெற்றுக் கோது. மூக்கருகே கொண்டுபோனான். சீனவெடி.

காலையில் ஆறையும் எண்ணி, ஆறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தான். காணாமல் போன ரவைக்குப் பதினொரு பக்கப் படிவம். காணாமல் போன காவலாளிக்கு இரண்டு பக்கம்தான். உரிமம் போகும், வேலை போகும், இங்கேயே தங்குவதற்கான பிஆர் போகும். அவன் மனம் அந்த வரிசையில்தான் ஓடியது. யாரோ பழைய கோதை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆயுத அறையில் இருக்கிற கிழவனுக்குக் கண் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும்.

டொக்.

கதவில். ஒரே ஒரு தட்டு.

அது அவனும் நானாவும் பேசி வைத்திருந்த தட்டு அல்ல. அவர்களுடையது இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒன்று. அதற்குப் பிறகு சங்கேதச் சொல். கம்பெனி தினமும் காலையில் போனுக்கு ஒரு ஆங்கிலச் சொல்லை அனுப்பும், பெரும்பாலும் ஏதாவது பறவை. இரண்டு பேருக்கும் அது வாயிலும் நுழையாது, நினைவிலும் நிற்காது. முதல் வாரமே ருஷ்தி நானா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"குருவியை விடு தம்பி. நீ உள்ளுக்கிருந்து 'இண்டைக்கு என்ன கறி' எண்டு கேள். நான் சொல்லுவன். ஃபாஹிமா என்ன சமைச்சவ எண்டு உலகத்தில எங்கள் மூண்டு பேருக்கும்தானே தெரியும்."

நானாவின் மனைவி கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டியில் எப்போதும் சுஜீதனுக்கும் ஒரு பங்கு இருக்கும். இன்று என்ன என்று கம்பெனி வான் வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தார். கத்தரிக்காய்ப் பிரட்டல்.

"ஆர்?" என்றான் சுஜீதன்.

மூச்சு மட்டும் கேட்டது. ஓட்டை விழுந்த ரயரிலிருந்து காற்றுப் போவதுபோல.

"நானாவோ?"

"...தம்பி."

"இண்டைக்கு என்ன கறி?"

பக்கத்துக் கடையில் டப். டப். பிறகு கதவுக்கு மிக நெருக்கமாக, மரத்தில் உதடு பட, அந்தக் குரல் சொன்னது.

"ஃபாஹிமா..."

சுஜீதன் காத்திருந்தான்.

"ஃபாஹிமா..."

ஃபாஹிமா கறியல்ல. கறி சமைத்தவர். விடை பிழை. அவன் உருளையை மூடித் துப்பாக்கியைக் கதவுக்கு நேரே தூக்கினான். நானாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அல்லது நானாவைப் போலக் கதைக்கிறார்கள். தவறான ஆளுக்குத் திறந்தால் தான் செத்தான். சரியான ஆளுக்குத் திறக்காவிட்டால்?

அந்த யோசனை முடிவதற்குள் தோளில் இருந்த வோக்கி கரகரத்தது.

"தம்பி, நான் வானடிக்கு வந்தனான். மெசினுக்குப் போடுற பேப்பர் ரோலை விட்டிட்டு வந்திட்டம். எடுத்துக்கொண்டு வாறன்."

ருஷ்தி நானாவின் குரல். தெளிவாக, பகிடி கலந்து, வழக்கம்போல.

"நானா," சுஜீதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தான், "கதவடியில ஆரோ நிக்கிறாங்கள். உங்கட குரல்ல கதைக்கிறாங்கள்."

"திறக்காத."

"நானா... இண்டைக்கு என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பிரட்டல். மறந்து போச்சோ? உப்புக் கொஞ்சம் கூடிப்போச்செண்டு காலமை சொன்னனான்தானே."

சொல்லியிருந்தார். உப்பு உட்படச் சொல்லியிருந்தார். சுஜீதனுக்கு அழுகை வந்தது. நானா வானில் இருக்கிறார். பத்திரமாக. அப்படியென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது நானா இல்லை.

டொக்.

இந்த முறை கீழே. முழங்கால் உயரத்தில்.

வோக்கியின் சத்தத்தைக் குறைக்க இப்போதுதான் தோன்றியது. விடையை வெளியே இருப்பவனும் கேட்டிருப்பான். முட்டாள். முட்டாள். அவன் நினைத்தது போலவே, கதவின் அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல.

"கத்..."

"கேட்டுட்டுச் சொல்லுறாய்!" என்று கத்தினான் சுஜீதன். "எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

"கத்..."

நகம் மரத்தைப் பிறாண்டிக்கொண்டு இறங்கியது. பிறகு நின்றது.

பெட்டகம் 'களக்' என்று திறந்தது. எண்கள் 0:00. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்போது நல்ல அமைதி. ஆணிக்காரர்கள் தேநீருக்குப் போயிருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஐந்து சதக் காசுக் குற்றி அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்திருந்தது. கதவின் பார்வைத் துளை வழியாக, வெளி நடைபாதையின் விளக்கு. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் சில நிமிடத்தில் அணையும் விளக்கு அது. கதவின் கீழ் இடுக்கில் ஒரு நிழல் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சப் பொட்டு அணைந்தது. வெளியே ஒன்றும் அசையவில்லை.

போய்விட்டான் என்று நினைத்தான் சுஜீதன். கையை மெல்ல இறக்கினான்.

"தம்பி," என்றது வோக்கி. "பயப்பிடாத. நான் வாறன். ஆரும் தட்டினாத் திறக்காத. நான் சொன்னாப் பிறகு திற. நான் மட்டும்தான். சரியோ? வடிவாக் கேட்டுக்கொள், நான் மட்டும்தான்."

"ஓம் நானா."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு ஏதோ இடறியது. ருஷ்தி நானாவுக்கு இழுப்பு. சிகரெட்டை விட்டுப் பத்து வருடமாகியும் இழுப்பு விடவில்லை. நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுப்பார், நெஞ்சுக்குள் பூனை கத்தும். அதனாலும் வயிற்றாலும் குண்டு துளைக்காத சட்டையைப் போட மாட்டார். அது வான் சீற்றிலேயே கிடக்கும்.

வோக்கியில் பேசியவர் ஒரு தடவைகூட மூச்செடுக்கவில்லை.

கதவடியில் நின்றவர் மூச்சைத் தவிர வேறெதையும் விடவில்லை.

"நானா," என்றான் வோக்கியில். "எங்க நிக்கிறியள்?"

"வந்திட்டன்."

நடைபாதை விளக்கு எரியவில்லை. காலடிச் சத்தமும் இல்லை.

டொக், டொக்.

இடைவெளி.

டொக்.

நெஞ்சு உயரத்தில்.

"கத்தரிக்காய்ப் பிரட்டல்," என்றது குரல். தோளிலிருந்தும் கதவிலிருந்தும் ஒரே நேரத்தில். "கதவைத் திற தம்பி."

தட்டு சரி. கறி சரி. சுஜீதன் பின்னால் நகர்ந்தான். இரண்டாவது அடியிலேயே முதுகு மெசினில் முட்டியது. சப்பாத்து தரையில் ஒட்டி, விடுபட்டு, 'சப்' என்றது. குனிந்து பார்த்தான். கதவிடுக்கு நிழல். அது நிழலாகக் கிடந்த இடத்தில் நிற்கவில்லை. உள்ளே வந்திருந்தது. அவன் காலைச் சுற்றி, மெசினின் அடிவரை. விளக்கு அணைந்த பிறகும் அங்கேயே.

தொட்டான். இளஞ்சூடு.

துப்பாக்கியின் அதே சூடு.

காதிரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்து, அதற்கடியில் ஒரு சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. டப். பக்கத்துக் கடையில் அல்ல. இந்த அறையில். அதற்குச் சற்று முன்னால் கதவில் இரண்டு தட்டு. இடைவெளி வருவதற்குள், இன்னொன்று விழுவதற்குள், மடியில் இருந்த கை தானாகவே...

இல்லை.

இல்லை. அப்படியென்றால் கதவில்...

அரையிருட்டில் கதவைத் தடவினான். துளை அங்கே இருந்தது. நெஞ்சு உயரத்தில். பார்வைத் துளை யாருக்கும் நெஞ்சு உயரத்தில் வைப்பதில்லை. இந்த அறைகளின் கதவுகளுக்குப் பார்வைத் துளையே கிடையாது. முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். கண்ணாடியும் இல்லை. சின்ன விரலின் நுனி நுழைந்தது. அந்தப் பக்கம் பார்த்து மரம் சிம்பு சிம்பாகப் பிளந்திருந்தது.

"நானா," என்றான்.

நடைபாதை விளக்கு பட்டென்று எரிந்தது. விரலைச் சுற்றி மயிரிழையாக வெளிச்சம்.

கதவின் அடியில், தரையோடு தரையாக, பாரமான ஒன்று இழுபட்டு விலக்கப்பட்டது. வழி விடுவதற்காக.

"கறி ஆறுது தம்பி," என்றது குரல். மூச்சில்லாமல். அன்பாக. "நீ வெளிய வா. இல்லாட்டி நான் உள்ளுக்கு வாறன்."

வெளிச்ச இழை மறைந்தது. துளைக்கு அந்தப் பக்கம் எதுவோ நெருங்கி, பொருந்தி நின்றது. சுஜீதன் விரலை இழுக்கப் பார்த்தான். சிம்பு குத்திப் பிடித்திருந்தது. குளிர்ந்த ஈரமான உருண்டை ஒன்று விரல் நுனியில் பட்டது.

பிறகு இமைமயிர். ஒரு தடவை மூடி, திறந்தது.