வதாதின் சர்க்கரை டப்பா

ஜோர்டானின் சால்ட் நகரம். துக்கத்தின் மூன்றாம் நாள், மாலை நான்கு மணி. இறந்துபோன தையல்காரி வதாதின் சர்க்கரை டப்பாவைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்த சிஹாம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிலைக் காணவில்லை.

சிஹாம் நடத்துவது காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னஞ்சிறு பள்ளி. மாதக் கடைசியில் வாடகை இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வதாத், தன் வீட்டில் பள்ளிக்கு இடம் எழுதி வைத்திருப்பதாகவும், உயில் சர்க்கரைக்கு அடியில் இருப்பதாகவும் சாகுமுன் சொல்லியிருந்தாள். அந்தத் தாள் இல்லாமல் நீதிமன்றத்தில் பேச்சு எடுபடாது.

சிஹாம் கூப்பிட்டதும், நாலரைக்கு இன்ஸ்பெக்டர் நுஹா வந்தாள். பக்கத்து வீட்டு பஸீமா அவளுக்கும் ஒரு கோப்பை காபி நீட்டினாள். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"சமையலறைக்குள்ள யாரு போனது?"

"மூணு நாளா அடுப்படியே கதின்னு கிடக்கறது இவதான், மகளே" என்றார் ஜமீல். வதாதின் தம்பி. அதே வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர்.

பஸீமா வெடித்தாள். "நான் எடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது? உயில்ல என் பேரா இருக்கு? வாய் கூசல?"

"நீங்க உள்ள போனீங்களா, மாமா?"

"நேத்து ஒரு தடவ. வந்தவங்களுக்குக் காபி கலக்கச் சர்க்கரை எடுத்தேன். அப்பவே டப்பாவுல வேற ஒண்ணும் இல்ல."

நுஹா தன் கோப்பையைப் பார்த்தாள். பிறகு பெண்கள் இருவரையும் முற்றத்துக்கு அனுப்பினாள். வயதானவரை நாலு பேர் முன்னால் கூனிக் குறுக வைப்பது அவளுக்குப் பிடிக்காது.

"மாமா, துக்க வீட்டுக் காபியில யாரு சர்க்கரை போடுவா? மூணு நாளும் கசப்பாத்தானே குடுக்கறோம். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களத் தவிர அந்த டப்பாவ யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

ஜமீலின் கை சட்டைக்குள் போனது. உறை வெளியே வந்தது. ஒட்டு பிரியவில்லை.

"அக்கா ஒளிச்சு வெச்சத நான் பாத்தேன். எரிச்சிடலாம்னுதான் எடுத்தேன். உறை மேல அவ கையெழுத்தப் பாத்ததும் மனசு வரல. வீட்டப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிட்டான்னு ஊரே பேசுது. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"படிக்காமலே பயந்துட்டீங்களே! நம்ம மதச் சட்டப்படி உயில்ல மூணுல ஒரு பங்குக்கு மேல தானமா எழுத முடியாது, மாமா. அவங்களே நெனச்சாலும் உங்களத் தெருவுல விட்டிருக்க முடியாது."

பாவம், மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சிஹாமை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் நுஹா உறையைப் பிரித்தாள். மேல்மாடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, பள்ளிக்கு. மற்றதெல்லாம் தம்பிக்கு. அடியில் ஒரு வரி: 'ஜமீலுக்குச் சத்தம் ஆகாது. பிள்ளைகளுக்குத் தங்கள் காலடி கேட்காது. மாடியில் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.'

நுஹா சிஹாமைப் பார்த்தாள். "புகார்?"

"எனக்குப் புகார் இல்ல" என்றாள் சிஹாம்.

அடுத்த மாதம் நுஹா அந்தப் பக்கம் போனபோது ஜமீல் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சர்க்கரை தாராளமாக இருந்தது. மேலே பிள்ளைகள் திடுதிடுவென்று ஓடினார்கள்.

"செருப்பக் கழட்டச் சொல்லலையா?"

"ஓடட்டும் விடு" என்றார் ஜமீல். "வீடு வீடா இருக்கு."