கேட்டைத் திறந்த குரல்

பிணம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், சாக்குக்குக் கீழே கிடந்தது.

லாரி டிரைவர் யேசுதாஸ்.

அவன் ஓட்டி வந்த செங்கல் லாரி, கூட்ஸ் எஞ்சினின் மூக்கில் நசுங்கிய தகர டப்பாவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, அந்த லெவல் கிராஸிங்கில், பட்டப்பகலில் கேட் திறந்திருந்தது!

சூளை ஆட்கள் கேட்கீப்பர் தேசப்பனின் சட்டையைக் கிழித்தார்கள். இன்ஸ்பெக்டர் அருணகிரி வந்து விலக்கிவிட்டார். இரக்கத்தால் அல்ல... அடிப்பது தன் வேலை என்பதால்.

"யார்றா தொறந்தது?"

"நான்தாங்கய்யா."

தேசப்பன் தன் மகள் சின்னப்பொண்ணின் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அஞ்சாவது படிக்கிறவள். அவன் இல்லாதபோது ஸ்டூலில் ஏறி, ஸ்டேஷனிலிருந்து வரும் போனை எடுப்பாள். கைச்சக்கரம் சுற்றி கேட்டை இறக்குவாள். என் பொண்ணு ரயிலையே நிறுத்துவா என்று, போன வருஷம் புதிதாகத் திறந்த சாராயக்கடையில் பீற்றிக்கொள்வான். இன்றும் மோதல் சத்தம் கேட்கும்வரை அங்கேதான் இருந்தான்.

வேலை போனால் மண் சுமப்பான். பயம் அதற்கில்லை. ஒரு சாவைத் தூக்கி அவள் தலையில் வைப்பார்கள். ஆயுசுக்கும் இறக்க முடியாது.

ஸ்டேஷன் மாஸ்டர் ரங்கசாமி, கசங்காத வெள்ளை உடுப்பில் வந்து சேர்ந்தார். கூட்ஸ் கிளம்பியதைத் தானே போனில் சொன்னதாகவும், கேட்டை மூடிவிட்டேன் என்று தேசப்பன் பதில் சொன்னதாகவும் அடித்துச் சொன்னார்.

"இவன் குரல்தானா சார்?"

"எத்தனை வருஷமா கேக்கறேன்! இதே குடிகாரன்தான்."

தேசப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பொய்க்கு இவர் ஏன் சாட்சி சொல்கிறார்?

ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினான்.

அருணகிரி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இவன் கடையில கவுந்துக்கினு இருந்தான்னு வர்ற வழியிலயே கடைக்காரன் சொல்ட்டான். அப்போ உங்ககிட்ட பேசுனது யாரு சார்... இவன் ஆவியா?"

ரங்கசாமி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எங்கப்பாவ வுடுங்க."

சின்னப்பொண்ணு!

அவள் வாயைப் பொத்தப் பாய்ந்த தேசப்பனை, கான்ஸ்டபிள் தாவீது பிடரியில் பிடித்து நிறுத்தினான்.

"நான்தான் போன் எட்த்தேன். கேட்ட மூடித்தான் வெச்சிருந்தேன். வண்டி இன்னும் கெளம்பல, தொறந்து வுடுன்னு சொன்னதால தொறந்தேன்."

"சொன்னது இந்த சாரா?"

"சாரு மத்தியானம் சாப்புட ஊட்டுக்குப் போயிடுவாரு. அப்போல்லாம் அவரு புள்ளதான் பேசும். ஏழாவது படிக்குது."

கூட்டம் ரங்கசாமியின் பக்கம் திரும்பியது.

அந்த வெள்ளைச் சட்டையில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது தேசப்பனுக்கு. நாக்கு வறண்டிருந்தது. துப்பினாலும் பாதி தன் மேல்தான் விழும்.

இரண்டு அப்பன்களையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார் அருணகிரி. பிறகு லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எஞ்சினை அண்ணாந்து பார்த்தார்.

"தாவீது, எஞ்சின் டிரைவரைக் கீழ எறக்கு. அவனுக்காச்சும் மீசை மொளைச்சிருக்கான்னு பாத்துடலாம்."